மூன்றாவது நகர்விலேயே சமம்

ஒக்டோபர் 3, வெள்ளி

பின்நேரம் இடியோடு மழை. தகரத்தில் விழுந்த சத்தத்துக்கு அப்பா வானொலியைக் கூட்ட, அம்மா குறைக்கச் சொல்ல, கடைசியில் மின்சாரமே போனது. கொடியில் கிடந்த துணி எல்லாம் ஈரம். வேலைக்குக் கட்டும் பச்சைச் சேலையும்தான்.

தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

- தூரத்திலிருந்து ஆடும் தேசிய மட்டச் சதுரங்கப் போட்டி. கடைசிச் சுற்று. ஏழு பேர். நகர்வை மெசேஜில் அனுப்ப வேண்டும், எழுத்தும் எண்ணும் மட்டும். நடுவருக்கும் ஒரு பிரதி.
- மற்ற ஆட்டம் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு மிச்சம் இது ஒன்று.
- முதல் மூன்று பேருக்குச் சான்றிதழ். வென்றால் நான் மூன்றாவது. சமம் என்றால் நான்காவது. தோற்றால் அதற்கும் கீழே.
- 15க்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
- 17, கண்டியில் ஆசிரியர் நியமன நேர்முகப் பரீட்சை (இனி நே.ப.).

போன நே.ப.வில் கண்ணாடி போட்ட மேடம் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஸ்போர்ட்ஸ் ஒண்ணும் இல்லையா மகள்?" தேசிய மட்டத்தில் இடம் எடுத்த சான்றிதழ் இருந்தால் அதற்கென்று புள்ளி. எனக்கு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கொஞ்சத்தில்தான் பெயர் விடுபட்டது. எனக்கு ஓடத் தெரியாது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் ஆடக்கூடியது இது ஒன்றுதான்.

இந்த முறையும் கிடைக்காவிட்டால் மாமாவோடு கொழும்புக்கு. அவர் வேலை செய்யும் புடவைக் கடையில் காசாளர் இடம் ஒன்று காலியாம். "டிகிரி முடிச்ச புள்ளன்னு சொல்லி வச்சிருக்கேன், மொதலாளி சந்தோஷப்பட்டாரு" என்கிறார்.

ஒக்டோபர் 4, சனி

வெயில். பலாபத்வல வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே.

நான் வேலை செய்யும் ஸ்பைஸ் கார்டனில் இரண்டு வேன் நிறைய வெள்ளைக்காரர்கள். கறுவாப்பட்டையை முகர்ந்துவிட்டு ஒரு அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். பதில் தெரியும். வாயில் வரவில்லை. பஸ்மியா (இனி ப.) வந்து எனக்காகப் பேசினாள். என்னோடு பில் போடுகிறவள், பத்தாம் வகுப்போடு நின்றவள், யாரோடும் பேசுவாள்.

"என்ன புள்ள, மொகம் வெந்த கத்தரிக்கா மாதிரி கெடக்குது?"

"ஒண்ணுமில்ல."

"அந்த சீகிரியா மாத்தியாவா? இன்னம் முடிக்கல்லியா அவரு?"

என் எதிராளியைச் சொல்கிறாள். ருவன் என்பது பெயர் (இனி ரு.). சீகிரியாவில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலையாம். அதற்கு மேல் தெரியாது. அவர் படத்துக்குப் பதில் ஒரு நாய் இருக்கிறது.

ப. சொன்னாள்: "போன்ல கேட்டா எந்தக் காய வைக்கணும்னு சொல்லுமாமே. எங்கட நானா சொன்னாரு."

அவள் அண்ணன் சொன்னது சரி, சொல்லும்தான். செயலி இலவசம். ஆனால் சேரும்போது அதைத் தொட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்தோம். புத்தகம் பார்க்கலாம், பழைய ஆட்டங்களைப் பார்க்கலாம், அது மட்டும் கூடாது. தொடவில்லை. ஆனால் நேற்று இறக்கி வைத்தேன். இன்று காலை அழித்தேன். இதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

தொடக்கத்திலேயே எல்லாம் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது.

நான் கறுப்பு. அவர் e4, நான் e6. பிரெஞ்சுத் தற்காப்பு. கெம்பஸ் விடுதியில் ஆடப் பழகிய நாளிலிருந்து வேறு எதுவும் ஆடியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து, நேரம் பார்த்து மெல்ல வெளியே வருவது. அது எனக்குப் பொருந்தும். d4, d5. இனி அவர் காலாளை முன்னே தள்ளுவார், நான் அதன் அடியைத் தோண்டுவேன் என்று இருந்தேன். மூன்றாவது நகர்வில் வெட்டிவிட்டார். exd5, exd5. முடிந்தது. கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் ஒன்று. சாத்த ஒரு கதவும் இல்லை.

சமம் வேண்டும் என்பவர்கள் ஆடும் ஆட்டம் அது. அவருக்குச் சமம் போதும், இரண்டாவது இடம் நிச்சயம். வெல்ல வேண்டியவள் நான். வெல்ல வேண்டியவள் சிசிலியன் ஆடியிருக்க வேண்டும். தெரியும். அது சண்டை. எனக்குச் சண்டை வராது.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஒவ்வொரு காயாக மாற்றிக்கொண்டே வந்தார். இப்போது ஆளுக்கு ஒரு கோட்டை, நான்கு காலாள்.

மாலையில் அவருடைய 38ஆவது நகர்வு. கோட்டை e3. கடைசிக் கோட்டையையும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அதற்குப் பிறகு ராஜாவும் காலாளும் மட்டும்.

சாப்பிட்டுவிட்டுப் பலகையைக் கட்டிலில் வைத்து உட்கார்ந்தேன். என் பலகை மடக்கும் அட்டை, காய்கள் பிளாஸ்டிக். மாதக்கணக்காக அப்படியே அலுமாரிக்கு மேல் இருக்கிறது, யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோட்டையை மாற்றினால்: ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவெளியில் நேருக்கு நேர் வந்து நிற்கும். காலாள்கள் எல்லாம் முட்டிக்கொண்டு அசையாமல். அந்த நேரத்தில் யார் நகர வேண்டுமோ அவர் வழிவிட வேண்டும், ரு. வழிவிட்டால் எனக்கு வெற்றி, நான் வழிவிட்டால் சமம்தான். ஆகவே ஒரு வெறும் நகர்வு யாரிடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அவரிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் a7இல் என் காலாள் இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் நிற்கிறது. அதை ஒரு கட்டம் தள்ளினால் போதும். a6. அவர் ராஜா ஒதுங்க வேண்டும்.

மறுபடி பார்த்தேன். மறுபடியும். அவர் பிழை விட்டிருக்கிறார்.

ஒக்டோபர் 6, திங்கள்

போயா. பௌர்ணமி விடுமுறை. கீழே ரோட்டில் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகிறவர்கள் வெள்ளை வெள்ளையாக.

காலையில் புதிய கண்ணோடு ஒரு தடவை. அதேதான். அனுப்பினேன்: கோட்டை எடுக்கிறது e3.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே: "என்னா, தானா சிரிக்கிற?"

"சிரிக்கலையே."

"சிரிச்ச. பாத்தேன்."

ஒக்டோபர் 7, செவ்வாய்

அவர் ராஜா கோட்டையை எடுத்துவிட்டது. தேநீர் நேரத்தில் நான் ராஜா f5. அனுப்பிய அவசரத்தில் பில் புத்தகத்தில் தேநீரைக் கொட்டிவிட்டேன். முதலாளி பார்க்கவில்லை.

மாமாவிடமிருந்து போன் கோல். "பதினெட்டாம் திகதி வேன் ஒண்ணு வருது. நீ வர்றியா இல்லையான்னு மட்டும் சொல்லு." பதினேழு முடிய சொல்வதாகச் சொன்னேன். முதல் தடவையாகக் குரல் உறுதியாக வந்தது.

ஒக்டோபர் 9, வியாழன்

பனி, பிறகு வெயில். மிளகு காயப்போட்டார்கள்.

ரு.: ராஜா f3. அதே இடம், நேருக்கு நேர். என் முறை. அனுப்பினேன்: a6.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. "செட்டிபிகேட் கெடைக்கும்மா" என்றேன். அம்மா எழுந்து நின்றார். உடனே குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். வாளி நிறைந்துதான் இருந்தது.

இங்கே லயத்தில் எட்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று. பொழுதுபடுவதற்குள் கடைசி வீட்டு ராசம்மா அக்கா வந்துவிட்டார்: "டீச்சரம்மா, எங்க பேரனுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கணும் கேட்டியா."

ஒக்டோபர் 10, வெள்ளி

ரு. பதில். நகர்வு இல்லை. சிங்களத்தில் ஒரு வரி: "மிஸ், உங்கள் காலாள் ஏற்கனவே a6இல்தானே இருக்கிறது? 14ஆவது நகர்வு பாருங்கள்."

பஸ்ஸில் வாசித்தேன். இறங்கும் இடம் தாண்டிப் போய்விட்டேன்.

மெசேஜை மேலே தள்ளித் தள்ளிப் போனேன். இருக்கிறது. 14. a6. என் கையால். முதலாளி நாவுலவுக்குச் செத்தல் மிளகாய் பார்க்க அனுப்பிய நாள். திரும்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்து, நின்றுகொண்டே அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பலகையில் காலாளை நகர்த்தவில்லை. அதன்பிறகு அந்தப் பக்கம் அவரும் வரவில்லை, நானும் தொடவில்லை. அன்றிலிருந்து நான் ஆடியது வேறு ஆட்டம்.

வெறும் நகர்வு என்னிடம் இருக்கவில்லை. எப்போதோ செலவழித்துவிட்டேன்.

அவர் பிழை விடவில்லை. தெரிந்துதான் கோட்டையைக் கொடுத்தார்.

இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

ஒக்டோபர் 11, சனி

விதியை வாசித்தேன். ஆட முடியாத நகர்வை அனுப்பினால், எதிராளி கேட்கும் பட்சத்தில், அதே காயை ஆடக்கூடிய ஒரு கட்டத்துக்கு நகர்த்தியே ஆக வேண்டும். என் காலாளுக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது, a5. போனால் வெட்டுவார். அவருடைய காலாள் ஓடி ராணியாகும். தோல்வி.

ரு. கேட்டால் அவருக்கு முதல் இடம். ஏன் கேட்க மாட்டார்? நான் என்றால் கேட்பேனா? கேட்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பேன்.

கோட்டையை வைத்துக்கொண்டிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். தெரியாது. ஒரு நாள் கைபேசியில் மேலே தள்ளிப் பார்த்திருந்தால் போதும். அட்டைப் பலகையை நம்பினேன், மனப்பாடத்தை நம்பினேன். சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்வது, இந்தப் பிள்ளைக்கு ஞாபகசக்தி என்று.

ப.விடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒரு கட்டந்தானே?"

"ஒரு கட்டந்தான்."

"கொஞ்சம் அழுதுட்டு வா புள்ள. பில்ல நான் போடுறன்."

ஏலக்காய் அறைக்குள் போய் அழுதேன். உள்ளே அவ்வளவு வாசனை. மூக்கடைப்புக்குக்கூட நன்றாக இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

ஒரு மெசேஜும் இல்லை.

அம்மா என் நீலச் சேலையைக் கழுவி, கஞ்சி போட்டு, தானே மடித்தார். நே.ப.வுக்கு. பக்கத்து வீட்டில் இஸ்திரிப்பெட்டி சொல்லி வைத்திருக்கிறாராம்.

மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு ஏதோ கேட்டார். ஊக்கு இருக்கா. கோப்பு எங்க. செட்டிபிகேட் எப்ப வரும், தபால்லயா, போயி எடுக்கணுமா.

"பாப்போம்மா" என்றேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

காலை முழுக்கத் தூறல்.

நடுவர் எங்கள் இருவருக்கும் பொதுவாக எழுதியிருந்தார்: ருவன், விதிப்படி கேட்கிறீர்களா, இல்லையா?

மத்தியானம் வரை பதில் இல்லை. சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துவிட்டுக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது.

"கேட்கவில்லை. இப்படி ஜெயித்து எனக்குப் பழக்கம் இல்லை. மிஸ் ராஜாவை நகர்த்தினால் நானும் நகர்த்துவேன், கிழமைக்கணக்கில் இப்படியே போவோம். சமம் என்று முடிப்போமா?"

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு மட்டும் தனியாக ஒன்று: "ஏன் மிஸ் எனக்குப் பிரெஞ்சு ஆடினீர்கள்? மூன்றாவது நகர்வில் வெட்டுவேன் என்று எங்கள் ஹோட்டல் சமையல்காரருக்கும் தெரியும்."

சிரிப்பு வந்தது. சிரித்தவுடன் கோபம் வந்தது. முதல் இடத்தை விட்டுவிட்டு இந்த மனிதர் பகிடி விடுகிறார். அவருக்கு எந்த நே.ப.வும் இல்லை போலிருக்கிறது.

இருக்கும். எனக்கென்ன தெரியும்.

வேண்டாம், விதிப்படி a5 ஆடித் தோற்கிறேன் என்று எழுதினேன். அழித்தேன். சமமோ தோல்வியோ சான்றிதழ் இல்லை. அப்படியிருக்க, கொடுப்பதை வாங்கிக்கொண்டால் என்ன? வாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. ராஜாவை நகர்த்தி ஆடிக்கொண்டே இருந்து அவர் பிழை விடக் காத்திருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. மிச்சம் இருப்பது இரண்டு நாள். கேட்காமல் விட்டவரிடம் பிழைக்குக் காத்திருப்பதா.

ப. எட்டிப் பார்த்தாள். "நல்ல மனுசன். கலியாணம் முடிச்சவரா கேளு."

"போடி."

ஒக்டோபர் 14, செவ்வாய்

அனுப்பினேன்: "சம்மதம். நன்றி."

நடுவர்: "ஆட்டம் சமம், அரைப் புள்ளி வீதம்." எனக்கு நான்காவது இடம்.

நானாக யாருக்கும் கோல் எடுத்ததில்லை. இன்று நடுவருக்கு எடுத்தேன். தோட்டத்துக்குப் பின்னால் பாக்கு மரத்தடியில் நின்றுகொண்டு, என்ன சொல்வது என்று உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு. கண்டித் தமிழர், ஓய்வு பெற்ற ஆசிரியர், குரல் மென்மைதான்.

"நாலாவது எடத்துக்கு ஒரு கடிதமாவது தர முடியுமா சேர்? வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

"மூணு பேருக்குத்தான் மகள் அடிச்சிருக்கு. பங்குபற்றினதுக்கு ஒண்ணு குடுப்போம், அது டிசம்பருக்குப் பொறகு. எதுக்கு?"

"நேர்முகப் பரீட்சை."

"பங்குபற்றினதுக்கு அவங்க புள்ளி போட மாட்டாங்களே மகள்" என்றார். தெரியும் என்றேன். நல்லா ஆடினீங்க என்றார். இல்லை சேர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மாலை. அப்பா தோட்டக் காவல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சப்பாத்துக்குள் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று உதறிக்கொண்டே கேட்டார்:

"ஜெயிச்சியா?"

"சமம்பா."

"சமம்னா?"

"ரெண்டு பேருமே ஜெயிக்கல."

"தோக்கவும் இல்லதானே?"

"இல்ல."

"பின்ன என்னா. அவரு ஹோட்டல்ல பெரிய ஆளுங்குற. அவருக்குச் சமமா நின்னிருக்க." அம்மாவைக் கூப்பிட்டார். "கேட்டியா, புள்ள சமமாம்."

அம்மா என்னைத்தான் பார்த்தார். அப்பாவைப் போல் அம்மாவை ஏமாற்ற முடியாது.

"சமத்துக்கு செட்டிபிகேட் குடுப்பாங்களா?"

"இல்லம்மா."

அப்பாவின் கையில் சப்பாத்து அப்படியே நின்றது. அம்மா அடுப்பை ஊதினார். நெருப்பு ஏற்கனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் கழித்து: "ராசம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வெளிய வராத."

ஒக்டோபர் 15, புதன்

வேலை. கறுவா எண்ணெய்ப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

நாளைக்கு எடுத்துப்போக: பட்டச் சான்றிதழ் மூலப்பிரதி, போட்டோப்பிரதி. அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழ். கிராம சேவகர் கடிதம். குடை. ஊக்கு.

போகாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். நே.ப.வுக்குப் போனேன் என்று சொல்லிவிட்டு மாத்தளை பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்து திரும்பலாம். நீலச் சேலை கத்தி மாதிரி மடிப்போடு ஆணியில் தொங்குகிறது. போவேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

விடியற்காலைப் பஸ். கண்டி. மேல்மாடி நடையில் நீளமான வாங்கில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லோர் மடியிலும் கோப்பு. என் இலக்கம் பின்னால். என் பக்கத்தில் ஒரு பிள்ளை, ஹட்டன் பக்கமாம், வாயில் எலுமிச்சை இலை. பஸ்ஸில் வாந்தி எடுத்ததாகச் சொன்னாள்.

உள்ளே மூன்று பேர். கண்ணாடி மேடம் இல்லை. பட்டத்தைப் பார்த்தார்கள், நல்லது என்றார்கள். ஏன் ஆசிரியர் ஆக வேண்டும் என்று கேட்டார்கள். தயார் செய்த பதிலில் பாதி வந்தது.

"விளையாட்டு?"

"சதுரங்கம் சேர்."

நடுவில் இருந்தவர் நிமிர்ந்தார். "ஆ, நல்லது. இடம் எடுத்திருக்கீங்களா?"

"நாலாவது."

"சான்றிதழ்?"

"இல்லை சேர். மூணு பேருக்குத்தான்."

அவர் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. உண்மையாகவே யோசித்தார், அதைப் பார்த்தேன். பிறகு கோடு இழுத்தார். இழுத்துவிட்டு, "எந்தத் தொடக்கம் ஆடுவீங்க?" என்றார். பிரெஞ்சு என்றேன். எழுத அல்ல, சும்மா கேட்டார். "கொஞ்சம் ஒடுக்கமான ஆட்டம் அது" என்றார். ஆமாம் சேர் என்றேன். போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் ஹட்டன் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை ஐஸ். "என்னாக்கா கேட்டாங்க?"

ஒரு இடத்துக்கு எத்தனை பேர் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

எல்லாம் சொன்னேன். எந்த வரிசையில் கேட்கிறார்கள், யார் கேட்கிறார், எதற்கு நேரம் எடுக்கிறார்கள். "ஸ்போர்ட்ஸ் ஏதாவது இருக்கா?"

"ஸ்கூல்ல நெட்போல் ஆடினேன்க்கா. ஓல் ஐலண்ட் மூணாம் எடம். அது எங்கயோ அடியில கெடக்கு."

"மேல எடுத்து வைங்க. பட்டத்துக்கு அடுத்ததா."

தேசிய மட்டச் சான்றிதழைத் தேடி எடுத்தாள். கீழே விழுந்த மற்றத் தாள்களை நான் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தேன். அவள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எலுமிச்சை இலையை என் கையில் துப்பப் பார்த்து, வெட்கப்பட்டு, விழுங்கிவிட்டு ஓடினாள்.

மாத்தளை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம். வழி முழுக்க மழை. மாமாவிடமிருந்து மிஸ்ட் கோல் மூன்று, ஒரு மெசேஜ்: "நாளைக்கு வேன். என்ன முடிவு?"

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். போனால் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு எழுத வராது.

"வர்றேன் மாமா. எத்தன மணிக்கு?"